குழந்தையின் மௌனம் பிடிவாதமா?

"எவ்வளவு அடித்தாலும் கல் மாதிரி நிற்கிறான், ஒரு சொட்டுக் கண்ணீர் வராது." ரங்கத்தானாலும் சரி, தாய்நாட்டு ஊரானாலும் சரி, நம்மவர் வீடுகளில் காதில் விழும் பேச்சுதான் இது. சிலர் திமிர் என்பார்கள். சிலர் காற்று கருப்பு என்று மந்திரிக்கக் கிளம்புவார்கள். இரண்டும் இல்லாமல் வேறொன்றாகவும் இருக்கலாம் என்கிறது மனநல மருத்துவம்.

மருத்துவர்கள் இதை 'டிஸ்ஸோசியேஷன்' என்பார்கள். தமிழில் மன விலகல் எனலாம். பிரெஞ்சு அறிஞர் பியர் ஜானே 1889-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆபத்து வந்தால் பெரியவர் எதிர்ப்பார், அல்லது ஓடுவார். மூன்று வயதுப் பிள்ளையால் இரண்டும் ஆகாது. அடிக்கிற கையிடமே சோற்றுக்கும் போயாக வேண்டும். உடல் தப்ப வழியில்லாதபோது மனம் மட்டும் விலகிக்கொள்கிறது. வலி மரத்துப் போகிறது. நடந்தது சரியாக நினைவில் பதியாமலும் போகலாம். மின்சாரம் மிகுந்தால் ஃபியூஸ் போய் வீட்டைக் காப்பது போன்றது இது. ஆனால் கொடுமை தொடர்ந்தால், பிறகு ஒரு சின்ன அதட்டலுக்கும் ஃபியூஸ் போய்விடும். வகுப்பில் பாடம் ஏறாது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

1. கூப்பிட்டாலும் கேளாமல் வெறித்துப் பார்ப்பது.
2. காயம் பட்டும் வலி சொல்லாதது.
3. சற்றுமுன் செய்ததையே மறந்து, 'நான் செய்யவில்லை' என்பது.
4. குரலும் நடத்தையும் திடீரென மாறுவது.
5. நேற்றுத் தெரிந்த பாடம் இன்று அடியோடு தெரியாதது.

ஒன்றிரண்டைக் கண்டதும் முடிவு கட்டிவிடக் கூடாது. பகற்கனவும் கற்பனைத் தோழனும் சிறு வயதில் இயல்பே. வெறித்த பார்வை ஒருவகை வலிப்பு நோயாலும் வரும். அதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

இது எங்கோ நடப்பதல்ல. மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மூவரில் இருவர் அடி உதைக்கு ஆளானவர்கள். வீட்டில் அடிபட்டவர்களில் பெரும்பாலோரை அடித்தவர்கள் பெற்றோரே.

முதல் மருந்து, அடியை நிறுத்துவது. விலகி நிற்கும் பிள்ளையை உலுக்காமல், உரக்கப் பேசாமல், பெயர் சொல்லி மெல்ல அழைத்து, தான் இருக்கும் இடத்தை உணரச் செய்யுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். அதுவாகச் சொன்னால் நம்புங்கள். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம், மாறாத ஒரு முகம் ஆகியவை மனதைத் திரும்ப அழைத்து வரும்.

பெருநிலத்து நிபுணரைத் தேடிக் கப்பல் ஏற வேண்டியதில்லை. டெலி மானஸ் சேவையில் 14416 எண்ணுக்குக் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098. பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது நம் ஒவ்வொருவர் கடமையும் ஆகும். 'அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு' என்று அன்பர்கள் யாரும் ஒதுங்க வேண்டாம்.