ரயிலின் வாசற்படி

படப்பையில் ரயில் நிலையம் இல்லை. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் பரந்து கிடக்கும் இவ்வூர், ஏரிப் பாசனத்தையும் நெல் விளைச்சலையும் நம்பி வாழ்ந்த காலம் மாறி, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டதை ஒட்டி ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தபின், தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த இளைஞர்களும் யுவதிகளும் அறை எடுத்துத் தங்கும் ஸ்தலமாகிவிட்டது. ஆலைக்குச் செல்லக் கம்பெனி பஸ் வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆனால் வார விடுமுறையில் தியாகராய நகரில் துணி எடுக்கவோ, கடற்கரையில் காற்று வாங்கவோ, எழும்பூரில் சொந்த ஊருக்கு வண்டி ஏறவோ விரும்புகிறவர்கள், மண்ணிவாக்கம், முடிச்சூர் வழியாகத் தாம்பரத்தை அடைந்து மின்சார ரயிலைத்தான் பிடிக்க வேண்டும்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கும் இந்த மின்சார ரயிலின் சுபாவம், அதன் அருகிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கைரேகைபோல் பழக்கமானது. ஒரு நாளைக்கு நாலைந்து வண்டிகள் மட்டுமே வந்துபோகும் ஊர்களில், புறப்படுமுன் நீண்ட ஊதலும் மெல்ல நகரும் சக்கரங்களும் தரும் அவகாசத்தில் ஓடிப்போய் ஏறிப் பழகியவர்களுக்கோ, அரை நிமிஷம் நின்று, பெரிய ஓசையின்றிப் புறப்பட்டு, நாம் யோசித்து முடிப்பதற்குள் வேகம் எடுத்துவிடும் இந்த வண்டி முற்றிலும் புதியது. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் பயத்தை நீக்கிவிடுவது நல்லது. பெட்டிக்குள் உட்கார்ந்தோ நின்றோ போகிற பிரயாணிக்கு மின்சார ரயிலைப்போல் க்ஷேமமான வாகனம் நம் சாலைகளில் வேறொன்றில்லை. ஒரகடம் சாலையில் லாரிகளுக்கு நடுவே இரு சக்கர வாகனத்தில் போய்வருகிறவன் தினந்தோறும் ஏற்கும் அபாயத்தில் ஒரு சிறு பங்குகூட இதில் இல்லை. உயிர்கள் அநேகமாகப் போவது ரயிலின் ஓரங்களிலேதான்: பெட்டியின் வாசலில், பிளாட்பாரத்தின் விளிம்பில், தண்டவாளத்தின் குறுக்கே. அந்த ஓரங்களுக்கு மனிதனை இழுத்துச் செல்வது பெரும்பாலும் ஐந்து நிமிஷ அவசரம்.

வாசலை எடுத்துக்கொள்வோம். சாதாரண மின்சார ரயிலின் வாசல் ஓடும்போதும் திறந்தேயிருக்கிறது. அதன் நடுவில் நிற்கும் உலோகக் கம்பம் ஒன்றே அங்கே ஆதாரம். மாலை வேளையில் கிண்டியில் ஏறுகிறவனைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பாதம் பெட்டியின் விளிம்பில் பாதியளவே பதிந்திருக்கிறது, மற்றொன்று அந்தரத்தில். முதுகில் மாட்டிய பை அவன் உடம்பைக் காட்டிலும் ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. நாலைந்து கைகள் பற்றி வியர்த்த கம்பத்தில் அவன் விரல்களுக்குக் கிடைத்திருப்பது இரண்டு அங்குல இடம். அவன் நினைவெல்லாம் உள்ளே முண்டுவதிலே இருக்க, மின்கம்பி தாங்கும் தூண்கள் அவன் பைக்குப் பின்னால் ஒவ்வொன்றாய் விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன.

2018 ஜூலை 24-ஆம் தேதி காலையில் நடந்ததை இவ்வழியில் பிரயாணம் செய்யும் யாரும் மறக்கலாகாது. மேலே செல்லும் மின்கம்பியில் ஏற்பட்ட கோளாறினால் வண்டிகள் தாமதமாகி, நிலையந்தோறும் ஜனங்கள் தேங்கி நின்ற வேளையில், கடற்கரையிலிருந்து திருமால்பூர் செல்லும் ரயில் வழக்கமான புறநகர்ப் பாதையை விட்டு விரைவு வண்டிகளுக்கான பாதையில் திருப்பி விடப்பட்டது. வாசலில் தொங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்தப் பாதையின் ஓரங்கள் பழக்கமில்லை. பரங்கிமலை நிலையத்தில் பாதையை ஒட்டி நின்ற கான்கிரீட் தடுப்புச் சுவரில் அவர்கள் ஒருவர்பின் ஒருவராக மோதி வீழ்ந்தார்கள்; நான்கு பேர் அன்றே இறந்தார்கள். அவர்கள் சாகசத்துக்காகத் தொங்கியவர்கள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தாமதமான வண்டியில், வேலைக்கு நேரமாகிவிட்டதே என்ற கவலையில், கிடைத்த இடத்தைப் பற்றிக்கொண்ட சாமானியர்கள் அங்கே இருந்தார்கள். தினமும் பார்த்த பாதையில் எதுவும் இடிக்காது என்று கண் தரும் நம்பிக்கை, வண்டி பாதை மாறிய அன்று ஒரு கணத்தில் பொய்த்துப் போயிற்று.

ரயில்வே சட்டத்தின் 156-ஆவது பிரிவு படியிலும் கூரையிலும் பிரயாணம் செய்வதற்கு மூன்று மாதம் வரை சிறையோ ஐந்நூறு ரூபாய் வரை அபராதமோ விதிக்கிறது. 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்ற வாசகத்தைப் பஸ்களிலே பார்த்து வளராத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. இருந்தும் வாசல் காலியாவதில்லை. காற்றுக்காக நிற்பவர் சிலர்; 'ரூட்டு தல' என்ற பட்டத்துக்கு ஆசைப்பட்டு, பிளாட்பாரத்தில் காலை உரசிக்கொண்டு வரும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர். ஆனால் பெரும்பாலோர் அங்கே நிற்பதற்குக் காரணம், உள்ளே போய்விட்டால் தங்கள் நிலையத்தில் இறங்க முடியாதோ என்கிற பயம். அந்தப் பயத்துக்குப் பரிகாரம் எளிது. ஏறியவுடன் பையை முதுகிலிருந்து கழற்றி மார்போடு மாட்டிக்கொண்டு உள்ளே நகர்ந்துவிட வேண்டும். இறங்கவேண்டிய நிலையத்துக்கு ஒரு நிலையம் முன்னதாக, எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டு வைத்துக்கொண்டு, 'இறங்கணும்ணே, கொஞ்சம் வழி விடுங்க' என்று சொல்லியபடி வாசலை நோக்கி வந்தால் போதும். சென்னை ஜனங்கள் வழி விடுவார்கள். வழி கிடைக்காமல் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வர நேர்ந்தாலும் நஷ்டம் கால் மணி நேரம்தான்.

வாசலோரம் நின்று கைபேசியில் ஆழ்ந்திருப்பவருக்கு இன்னொரு அபாயமும் உண்டு. வண்டி வேகம் குறையும் இடங்களில் கீழே நின்று கம்பால் கையைத் தட்டிக் கைபேசியைப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். நழுவும் பொருளைப் பிடிக்கத் தாவுகிறவர் தாமே வெளியே போய்விடுகிறார்.

அடுத்தது தண்டவாளத்தைக் கடப்பது. இதைப் பற்றி நம்மிடையே உள்ள தப்பெண்ணம், அதைச் செய்கிறவர்கள் அஜாக்கிரதையானவர்கள் என்பது. வண்டியைப் பார்க்காமல் கடப்பவர் ஒருபுறமிருக்க, பார்த்துவிட்டு, இன்னும் தூரத்தில் வருகிறது என்று கணக்கிட்டுக் கடந்து மாண்டவர்களும் உண்டு. 1985-இல் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலறிஞர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: உருவத்தில் பெரிய பொருள், அதே வேகத்தில் செல்லும் சிறிய பொருளைவிட மெதுவாக வருவதாகவே கண்ணுக்குத் தோன்றும். அதிலும் நேராக நம்மை நோக்கி வரும் வண்டி வெகுநேரம் ஒரே அளவில் நிற்பதுபோல் காட்சியளித்து, கடைசிச் சில நொடிகளில் திடீரென்று பூதாகாரமாகப் பெருகிவிடும். சாலையில் வரும் காரின் வேகத்தைக் கணிப்பதில் தேர்ந்த கண், ரயில் விஷயத்தில் இவ்வாறு ஏமாற்றப்படுகிறது. டிரைவர் பார்த்துவிட்டால் நிறுத்திவிடுவார் என்ற எண்ணமும் வீண். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி முழு பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் உருண்டுதான் நிற்கும். வழியை விட்டு விலகிக்கொள்ள அதற்குத் திருப்பும் சக்கரம் கிடையாது.

தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று நீளும் பகுதியில் இருபுறமும் வீடுகள் பெருகி, தண்டவாளம் ஊரின் நடுவே ஓடுகிறது. ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் ஜி.எஸ்.டி. சாலை, நடை மேம்பாலம் தள்ளியிருக்கிறது. ஒரு வண்டி கடந்து போனதும் வழி திறந்துவிட்டதாக நினைத்துக் காலெடுத்து வைக்கிறவர், அதன் மறைவில் எதிர்ப் பாதையில் வந்துகொண்டிருக்கும் இன்னொன்றைக் காண்பதில்லை. காதில் பாட்டுக் கருவியை மாட்டியிருப்பவருக்கு ஓசையாகிய எச்சரிக்கையும் கிட்டுவதில்லை. 2023 அக்டோபர் 24 அன்று ஊரப்பாக்கத்தில், கர்நாடகத்திலிருந்து வந்திருந்த மாற்றுத்திறனாளிச் சிறுவர்கள் மூவர் தண்டவாளத்தில் ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். அவர்களைப்போன்ற குழந்தைகள் வசிக்கும் இடத்தில் தண்டவாளத்துக்கும் தெருவுக்கும் இடையே ஒரு வேலிகூட இல்லாமல் விடுவதை எந்தச் சமாதானத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதச் சிறை என்று பலகை வைப்பது சுலபம். வேலியும், வெளிச்சமுள்ள சுரங்கப்பாதையும், முழங்கால் வலிக்கும் கிழவிகளும் ஏறத்தக்க மேம்பாலமும் கட்டுவது செலவு பிடிக்கும் காரியம். அந்தச் செலவைச் செய்யும்படி நிர்வாகத்தை வற்புறுத்துவதும் பிரயாணிகளாகிய நம் கடமையே.

மேலே ஓடும் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அதிலுள்ள மின்சாரம் 25,000 வோல்ட். வீட்டு மின்சாரத்தைப்போல் தொட்டால்தான் தாக்கும் என்று நினைத்து, நிற்கும் சரக்கு வண்டியின்மேல் ஏறிப் படமெடுக்கும் பையன்கள், கம்பியைத் தொடாமலேயே, அதன் அருகே சென்ற மாத்திரத்தில் கருகிப்போகிறார்கள். இரண்டு மீட்டர் தூரத்துக்குள் நெருங்கவே கூடாது.

பெண்களின் பாதுகாப்பைப் பற்றி எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. ஏனெனில் ஜாக்கிரதை உபதேசமெல்லாம் பெண்களுக்கே வழங்கப்பட்டு, குற்றம் செய்கிறவனைத் தடுக்க வேண்டியவர்களின் கடமை பேசப்படாமலே போகிறது. 2016 ஜூன் 24-ஆம் தேதி காலை, நுங்கம்பாக்கம் நிலையத்தில் வேலைக்குச் செல்ல ரயிலுக்குக் காத்திருந்த ஓர் இளம்பெண் பலர் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டபோது, அத்தனை பெரிய நிலையத்தில் ஒரு கண்காணிப்புக் காமிராகூட இல்லையென்பது அதன்பிறகே ஊருக்குத் தெரிந்தது. 2025 பிப்ரவரியில் கோயம்புத்தூரிலிருந்து திருப்பதி செல்லும் ரயிலின் பெண்கள் பெட்டியில், உடனிருந்த பெண்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட, தனித்திருந்த கர்ப்பிணியைத் துன்புறுத்த முயன்ற ஒருவன், கே.வி.குப்பம் அருகே ஓடும் வண்டியிலிருந்து அவரைத் தள்ளிவிட்டான். அவருடைய கரு கலைந்தது. அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பெண்கள் பெட்டிக்குப் பாதுகாப்புத் தருவது அதில் கூடியிருக்கும் பெண்களே என்பதை இச்சம்பவம் காட்டுகிறது. ஆகவே இரண்டாம் ஷிப்ட் முடிந்தோ, ஊரிலிருந்து திரும்பியோ, இரவில் வண்டி ஏறும் பெண், காலியாகிவிட்ட பெண்கள் பெட்டியில் தனித்திருப்பதைவிட, குடும்பங்கள் ஏறும் பொதுப் பெட்டிக்கோ, கார்டு இருக்கும் கடைசிப் பெட்டிக்கு அடுத்த பெட்டிக்கோ மாறிக்கொள்வது மேல். பெண்கள் பெட்டியில் ஆண் ஏறினால் ரயில்வே சட்டத்தின் 162-ஆவது பிரிவின்படி அவனை இறக்கி அபராதம் விதிக்கலாம். இதைச் சொல்லி அழைக்க 139 என்ற எண்ணும், ரயில்வே போலீஸின் 1512 என்ற எண்ணும் உள்ளன.

அழைப்பவர் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு: 'இப்போது எங்கே இருக்கிறீர்கள்?' என்ற கேள்வி. இரண்டு நிலையங்களுக்கு நடுவே, இருட்டில், யாரோ விழுந்துவிட்ட பதற்றத்தில் இதற்கு என்ன பதில் சொல்வது? தண்டவாளத்தின் ஓரத்து மின்கம்பத் தூண் ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதியிருக்கும். மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் தூணின் வரிசை. அந்த இரண்டு எண்களைப் படித்துச் சொன்னால் உதவி வருகிறவர்கள் நேரே அந்த இடத்துக்கு வந்துவிடலாம். பெட்டியிலுள்ள அபாயச் சங்கிலியை இழுக்க அபராதத்துக்கு அஞ்சிப் பலர் தயங்குகிறார்கள். சட்டம் தண்டிப்பது தக்க காரணமின்றி இழுப்பவனை மட்டுமே. ஒரு மனிதன் விழுந்தது தக்க காரணம். பயணச்சீட்டு வைத்திருந்த பிரயாணி ஏறும்போதோ இறங்கும்போதோ தவறி விழுந்து இறந்தாலும் ஊனமுற்றாலும், 124-ஏ பிரிவின் கீழ் அவரோ அவர் குடும்பமோ ரயில்வே தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கோரலாம் என்பதையும், 2018-இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்ததையும், பிழைப்புக்காக வந்த குடும்பங்களில் வெகுசிலரே அறிவார்கள். சீட்டையோ சீசன் டிக்கெட்டையோ பத்திரமாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் சொன்னபின், திறந்த வாசலுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. எத்தனை புத்தி சொன்னாலும், நெரிசல் மிகுந்த மாலையில் கடைசியாக ஏறுகிற ஒருவன் வாசலில்தான் நிற்பான். அவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது இயந்திரத்தால் ஆகக்கூடிய காரியம். சென்னை மெட்ரோவில் கதவு மூடாமல் வண்டி நகர்வதில்லை; சுரங்க நிலையங்களில் பிளாட்பாரத்துக்கே கண்ணாடிக் கதவு உண்டு. 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு மார்க்கத்தில் ஓடத் தொடங்கிய குளிர்சாதன மின்சார ரயிலிலும் கதவுகள் தாமே மூடிக்கொள்கின்றன. ஆனால் சாதாரண வண்டியில் ஐந்து ரூபாயில் தொடங்கும் கட்டணம் அதில் முப்பத்தைந்து ரூபாயில் தொடங்கிற்று. பம்பாயில் அதே ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி மும்ப்ரா அருகே நெரிசலான ரயில்களிலிருந்து பிரயாணிகள் விழுந்து இறந்தபின், குளிர்சாதனமில்லாத வண்டிகளுக்கும், காற்று புகும் இடுக்குகளோடும் கூரைக் காற்றோட்டக் கருவிகளோடும் தானியங்கிக் கதவு பொருத்தப்போவதாக ரயில்வே அறிவித்தது. தாம்பரத்துக் குளிர்சாதன வண்டியைக் கட்டியது நம் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலைதான். பம்பாய்க்கு அறிவித்த அந்தக் கதவைத் தாம்பரம் வண்டியின் ஐந்து ரூபாய்ப் பிரயாணிக்கும் பொருத்தித் தரும்படி தெற்கு ரயில்வேயைக் கேட்க, பரங்கிமலையில் இறந்தவர்களின் பெயரால் நமக்கு உரிமை உண்டு.