அணு உலையும் நீர்ப் பரீட்சையும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில், கோடை நாளில் மின்சாரம் நின்றால், ஜனங்களின் பேச்சு கல்பாக்கம் வரை போவது சகஜம். சிலர் அணுசக்தியைப் புகழ்கிறார்கள்; சிலர் அஞ்சுகிறார்கள். இரு கட்சியாரும் விசாரிக்காத விஷயம் ஒன்று உண்டு. உலையின் உஷ்ணத்தை வாங்கிச் செல்லும் பம்பும் குழாயும் வால்வும், உலையில் பொருத்துமுன் எங்கே, எவ்விதம் பரீட்சிக்கப்பட்டன என்பதே அது.

அணு உலை விறகடுப்பு அன்று. விறகை இழுத்துவிட்டால் அடுப்பு அணையும். உலையிலோ அணுப்பிளவை நிறுத்திய கணத்திலும் முழுச் சக்தியில் நூற்றுக்கு 6 பங்கு உஷ்ணம் எஞ்சி நிற்கும். ஒரு மணி நேரம் கழிந்தும் 1 பங்குக்கு மேல் இருக்கும். 2011-ம் வருஷம் ஜப்பானில், புகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் பூகம்பம் கண்டவுடன் நின்றுதான் போயின. பின்வந்த சுனாமி மின்சாரத்தை அறுத்தது, குளிர்ச்சி நின்றது, மூன்று உலைகளில் எரிபொருள் உருகிற்று.

இதற்காகவே இன்ஜினீயர்கள் ‘லூப்’ எனப்படும் நீர்ச்சுற்றை அமைக்கிறார்கள். அதில் யுரேனியம் இல்லை. மின்சாரத்தால் சூடேறும் கோல்கள் உண்டு. நீரை அழுத்தத்தோடு ஓட்டுவார்கள்; வேண்டுமென்றே பம்பை நிறுத்துவார்கள்; நீராவிப் படலம் கோலை மூடி, உஷ்ணம் வெளியேறாமல் தடைபடும் எல்லையை அளப்பார்கள். கெட்டுப்போனால் நஷ்டம் ஒரு கோல்தான். மும்பையை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய சுற்றுக்கள் பலவற்றை நிறுவியிருக்கிறார்கள்.

கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் செய்தது இன்னும் ரசமானது. அங்குள்ள 500 மெகாவாட் வேக ஈனுலையைக் குளிர்விப்பது நீர் அன்று, உருகிய சோடியம். அது காற்றில் எரியும். நீர் பட்டால் மூர்க்கமாகும். தன் உட்புறத்தைக் கண்ணுக்குக் காட்டாது. ஆனால் பாயும் தன்மையில் சூடான நீர் ஏறக்குறைய அதனை ஒத்தது. ஆகவே உலைப் பாத்திரத்தை நாலில் ஒரு பங்கு அளவில் சமைத்து, ‘சம்ராட்’ என்று பெயரிட்டு, நீரை ஓட்டினார்கள். மேற்பரப்பில் சுழி விழுந்து வாயுவை உள்ளே இழுக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம் அல்லவா? உஷ்ணம் பரவும் விதத்தில் மட்டும் நீர் சோடியம் ஆகாது. அதற்குச் சோடியச் சுற்றுக்களே வேண்டும். ‘சாதனா’ என்பது அவற்றில் ஒன்று.

1974-ல் பொக்ரான் சோதனைக்குப் பின் கனடா கைவிலகியது. ராஜஸ்தானத்து இரண்டாம் உலையை நம்மவரே முடித்தார்கள். அன்னியன் வரைந்த படத்தைப் பார்த்துக் கட்டுவது கொத்தன் வேலை. அவன் அளவு சரிதானா என்று தானே சோதிப்பதுதான் சுதேசியம். சோதனையின் அருமையைக் கல்பாக்கமே அறியும். 1980-களின் இறுதியில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளிலும் கனநீர் உட்புகும் வாயிலின் பாகங்கள் பழுதுற்றன. 220 மெகாவாட் உலைகள் 170-க்குக் குறைக்கப்பட்டன. 2000-க்குப் பின்னரே பழைய அளவு மீண்டது.

இந்தப் பரீட்சைகளின் முடிவுகள் பெரும்பாலும் ஆங்கில விஞ்ஞான சஞ்சிகைகளில் கிடக்கின்றன. உலைக்கு அருகே வசிக்கும் செம்படவனுக்கும் விவசாயிக்கும் கிடைப்பதோ ‘பயமில்லை’ என்ற ஒரு வார்த்தை. நீர்ச்சுற்றில் ராணுவ ரகசியம் என்ன இருக்கிறது? எந்தப் பாகம் தோற்றது, எத்தனை முறை தோற்றது, எப்படித் திருத்தப்பட்டது என்று வருஷந்தோறும் தமிழில் அறிக்கை வெளியிட வேண்டும். செங்கற்பட்டிலும் திருவண்ணாமலையிலும் கூட்டம் போடும் தொண்டர்கள், ஆதரித்தோ எதிர்த்தோ தீர்மானம் எழுதுமுன், இந்தக் கோரிக்கையை முதலாவதாக எழுதட்டும்.