கொரியா அழைக்கும் மாணவர்கள்: வரவேற்பு விமான நிலையத்தோடு முடிவதில்லை

அந்நிய நாட்டில் கஷ்டமெல்லாம் அகதியாக வந்தவர்களுக்கு மட்டுந்தான் என்று நாம் நினைத்துக்கொள்வதுண்டு. ஆனால் முறையாக விசா எடுத்து, கட்டணமும் கட்டிப் படிக்கப் போகிறவர்களுக்கும் மொழி, சாப்பாடு, இருப்பிடம், தனிமை என்ற அதே பிரச்சினைகள்தான் காத்திருக்கின்றன. தென்கொரியாவில் இதனை எப்படிக் கையாளுகிறார்கள் என்று அறிந்துகொள்வது, புதிதாகக் குடியேறியுள்ள எமது குடும்பங்களுக்குப் பிரயோசனமாக இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து ஆய்வுப் படிப்புக்காகவும், இலங்கையிலிருந்து தொழிற்சாலை வேலைக்காகவும் பலர் அங்கே போயிருக்கிறார்கள்.

ஏன் அழைக்கிறார்கள்?

கொரியாவில் பிள்ளைகள் குறைந்து வருகின்றனர். 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 பிள்ளை என்ற அளவுக்குப் பிறப்பு வீதம் இறங்கிவிட்டது. பல்கலைக்கழகங்களில், முக்கியமாகத் தலைநகர் சோலுக்கு வெளியே உள்ளவற்றில், இடங்கள் காலியாகின்றன. ஆகவே 2027ஆம் ஆண்டுக்குள் 3 இலட்சம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதென 2023 ஆகஸ்டில் அரசாங்கம் அறிவித்தது. 2024இல் இத்தொகை 2 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்தவர்களே அதிகம்.

கூட ஒரு ஆள்

அங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. புதிதாக வரும் மாணவருக்கு ஒரு கொரிய மாணவரைத் துணையாகச் சேர்த்துவிடுகிறார்கள். விடுதியைக் காட்டுவது, வங்கிக் கணக்குத் திறப்பது, தொலைபேசி எடுப்பது, 90 நாட்களுக்குள் குடிவரவுக் காரியாலயத்தில் பதிவு செய்வது என்று ஆரம்ப வேலைகளுக்கு அவர் கூடப் போவார். சோலில் உள்ள கொரியாப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே மாணவர் அமைப்பு ஒன்று இயங்குகிறது. படிவம் நிரப்பத் தெரியாமல் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் இந்த உதவியின் பெறுமதி தெரியும்.

மொழிக்கும் ஒழுங்கு உண்டு. 1997இல் தொடங்கிய கொரிய மொழித் தேர்வில் ஆறு படிகள் இருக்கின்றன. அரசாங்கப் புலமைப்பரிசில் பெறுபவர்களில் பெரும்பாலானோர் முதலில் ஒரு வருடம் மொழி மட்டுமே படிக்கிறார்கள். பகுதிநேர வேலை செய்வதற்கு அனுமதி எடுக்க வேண்டும். மொழித் தேர்வில் தேறியவர்களுக்குக் கூடுதல் மணித்தியாலங்கள் கிடைக்கும்.

எமது பிள்ளைகளுக்கு இந்த மொழி அவ்வளவு அந்நியமாக இராது. அங்கும் தகப்பன் ‘அப்பா’தான், தாய் ‘ஒம்மா’. மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அண்ணன், அக்கா என்றே அழைக்கிறார்கள். பெரியவரோடு கதைக்கும்போது வினைச்சொல்லின் முடிவே மாறிவிடும்.

சாப்பாட்டுப் பிரச்சினை

சோலில் உள்ள ஹன்யாங் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் முஸ்லிம் மாணவர்களுக்காக ஹலால் உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை. சைவக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று: கிம்ச்சி என்ற கோவா ஊறுகாயில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும். பன்றியிறைச்சியும் மதுவும் வைத்து நடக்கும் மாணவர் ஒன்றுகூடல்களுக்குப் போகாவிட்டால், சிநேகிதம் பிடிப்பதும் கஷ்டமாகிவிடும்.

கதவு மூடிய இடங்கள்

எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று எழுதினால் அது உண்மையாகாது. தேகு நகரில் பல்கலைக்கழகத்துக்கு அருகே முஸ்லிம் மாணவர்கள் சிறிய பள்ளிவாசல் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். அயலவர்களின் எதிர்ப்பால் 2021இல் வேலை நிறுத்தப்பட்டது. 2022இல் உயர் நீதிமன்றம் மாணவர்களின் பக்கம் தீர்ப்பளித்த பிறகும், வாசலுக்கு முன்னால் பன்றித் தலைகளை வைத்தார்கள். அதேவேளை மாணவர்களோடு சேர்ந்து நின்ற கொரியர்களும் அந்நகரில் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

2023 நவம்பரில் ஒசான் நகரில் இன்னொன்று நடந்தது. மொழி படிக்க வந்த 22 உஸ்பெகிஸ்தான் மாணவர்களை அவர்களுடைய பல்கலைக்கழகமே பஸ்ஸில் ஏற்றி, விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பிவிட்டது. வங்கியில் வைத்திருக்க வேண்டிய பணத்தை வைத்திருக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். எங்கே போகிறோம் என்று முதலில் அவர்களுக்கு உண்மை சொல்லப்படவில்லை. பின்னர் பொலிஸ் விசாரணை நடந்தது.

தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எங்களுக்கு இது விளங்காத விடயமல்ல. ஆள் தேவை என்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் வருகிறவனை மனிதனாகப் பார்ப்பதில்லை. எண்ணிக்கைக்காக அழைத்தால், கணக்குப் பிழைக்கும்போது ஆளையும் கழித்துவிடுவார்கள்.

நாம் செய்யக்கூடியது

கொரிய மாணவர்களின் துணை முறைக்குப் பெரிய பணமோ கட்டிடமோ தேவையில்லை. முன்னர் வந்த ஒருவர் பின்னர் வந்தவரோடு சில மாதங்கள் கூடப் போனால் போதும். நாம் வந்து நாலைந்து வருடமாகிவிட்டது. எங்கே என்ன காரியாலயம், எந்த டொக்டர் பொறுமையாகக் கேட்பார், மொழி வகுப்பு எந்தக் கிழமை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். இந்த வருடம் வந்த குடும்பம் அதே தெருவில் யாரைக் கேட்பதென்று தெரியாமல் இருக்கக்கூடும்.

ஒவ்வொரு பழைய குடும்பமும் ஒரு புதிய குடும்பத்தை ஆறு மாதத்துக்குப் பொறுப்பெடுக்கட்டும். புதிதாக வந்தவர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். மொழி வகுப்பை மாத்திரம் தள்ளிப் போடாதீர்கள். உங்களுக்காகக் கதைக்க ஒருவர் எப்போதும் கூட வர முடியாது.