உடற்கூடு மாற்றுதல் (தானுந்து)

உடற்கூடு மாற்றுதல் என்பது, துருப்பிடித்த இரு பழைய தானுந்துகளில் ஒன்றின் நல்ல உடற்கூட்டை மற்றொன்றின் நல்ல அடிச்சட்டத்தின் (சேசிஸ்) மீது பொருத்தி, ஒரே வண்டியாக்கும் சீரமைப்பு முறையாகும். உடற்கூடும் அடிச்சட்டமும் தனித்தனியாக அமைந்த வண்டிகளுக்கே இம்முறை பொருந்தும்.

எடுத்துக்காட்டு

இங்கிலாந்தில் 1959 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட டிரையம்ப் ஹெரால்ட் இத்தகைய வண்டியாகும். இதனை இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி வடிவமைத்தார். சென்னையிலும் இது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. இதன் உடற்கூடு அடிச்சட்டத்துடன் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டுள்ளது. சட்டத்தின் பக்கக் கிளைகளில் ஈரமும் சேறும் தங்குவதால் அவை எளிதில் துருப்பிடிக்கின்றன.

செய்முறை

முதலில் கதவு இடைவெளிகள் அளக்கப்பட்டு, கதவு வாயில்களில் இரும்புத் தாங்கிகள் தற்காலிகமாகப் பொருத்தப்படுகின்றன. இவ்வாறு செய்யாவிடில், துருவால் வலுவிழந்த உடற்கூடு தூக்கும்போது வளைந்துவிடும். பின்னர் கதவுகள் மூடா. அடுத்து மின்கம்பிகள், எரிபொருள் மற்றும் பிரேக் குழாய்கள், ஸ்டியரிங் தண்டு, போல்ட்டுகள் ஆகியவை கழற்றப்படுகின்றன. புதிய சட்டத்தில் இறக்கியபின், மெல்லிய தகடுகளைச் செருகிக் கதவு இடைவெளிகள் சரிசெய்யப்படுகின்றன. அதன் பின்னரே போல்ட்டுகள் முழுமையாக இறுக்கப்படும்.

அடையாளச் சிக்கல்

இணைந்த வண்டி இரண்டில் எது என்பது முக்கியமான கேள்வியாகும். அடையாள எண் சில வண்டிகளில் சட்டத்திலும், சிலவற்றில் உடற்கூட்டிலும் இருக்கும். எண் தகட்டை மட்டும் மாற்றுவது திருட்டு வண்டிகளை மறைக்கவும் உதவக்கூடும். இந்தியாவில் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. எனவே வேலையைத் தொடங்குமுன் பதிவு விதிகளை அறிதல் அவசியமாகும்.