தலைவர் இல்லாத சபையில் தகராறு வந்தால்?

போலந்து தேசத்தின் வடகோடியில், பால்டிக் கடலோரத்தில் ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. அதன் பெயர் என்ன என்று போலந்துக்காரர் ஒருவரைக் கேளுங்கள், "க்டான்ஸ்க்" என்பார். ஜெர்மானியரைக் கேட்டால் "டான்ஸிக்" என்பார். "ஜுரம் நூறு டிகிரி" என்கிறோமே, அந்த அளவுக்குத் தம் பெயரைத் தந்த பாரன்ஹீட் 1686-ல் பிறந்தது டான்ஸிக்கில். 1980-ல் லெக் வலேசா தொழிலாளர்களைத் திரட்டிப் போராடிய கப்பல் கட்டும் தளம் இருப்பது க்டான்ஸ்க்கில். இரண்டும் ஒரே ஊர்தான்! 1939 செப்டம்பர் 1-ந் தேதி இரண்டாவது உலக யுத்தம் மூண்டபோது முதன்முதலில் பீரங்கி முழங்கிய இடங்களில் ஒன்று இந்த ஊரின் துறைமுகம். அப்படியானால், பெயர் விஷயத்தில் இரு தரப்பாருக்கும் எவ்வளவு ரோஷம் இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

சரி, கலைக்களஞ்சியம் ஒன்றில் இந்த ஊரைப் பற்றி எழுத வேண்டும். எந்தப் பெயரைப் போடுவது? சாதாரணப் புத்தகமாயிருந்தால் கவலையே இல்லை. பதிப்பாசிரியர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒன்றை அடித்துவிட்டு மற்றதை வைப்பார், விவகாரம் தீர்ந்தது. ஆனால் விக்கிப்பீடியாவுக்குப் பதிப்பாசிரியரே கிடையாதே!

எழுதவும் அழிக்கவும் எல்லாருக்கும் உரிமை

2001 ஜனவரி 15-ந் தேதி ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தொடங்கிவைத்த அறிவுக் களஞ்சியம் இது. உங்கள் வீட்டுக் குழந்தைகள் பள்ளிக்கூடப் பாடத்துக்கு விஷயம் தேடும்போது பெரும்பாலும் இதில்தான் போய் நிற்கிறார்கள். இன்று 300-க்கு மேற்பட்ட மொழிகளில் நடக்கிறது. தமிழில் 2003-ல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம், அழிக்கலாம். கணினிகளைப் பராமரிக்க அமெரிக்காவில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. ஆனால் எதை எழுதுவது என்பதில் அது சாதாரணமாகத் தலையிடுவதில்லை. ஒவ்வொரு மொழிக்காரர்களும் தங்களுக்குள்ளேயே கூடி விதிகளை வகுத்துக்கொள்கிறார்கள்.

பட்டணத்தின் பெயருக்கு என்ன கதி நேர்ந்திருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் "டான்ஸிக்" என்று எழுதுவார். இன்னொருவர் வந்து "க்டான்ஸ்க்" ஆக்குவார். முதலாமவர் திரும்ப மாற்றுவார். காலையில் ஒரு பெயர், மாலையில் ஒரு பெயர்!

இப்படிப்பட்ட சண்டைகளுக்காகவே 2004-ல் ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் ஒரே கட்டுரையில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் பிறர் செய்த மாற்றத்தைத் திருப்பக்கூடாது. மீறினால் சில காலத்துக்கு அவர் எழுத முடியாதபடி கதவு சாத்தப்படும். யார் சொல்வது நியாயம் என்று இந்த விதி கேட்பதே இல்லை. "நியாயம் அப்புறம் இருக்கட்டும், முதலில் கையை எடு!" என்று தெருச் சண்டையை விலக்கும் பெரியவரைப் போன்ற விதி.

கையை எடுத்த பிறகு பேச வேண்டும் அல்லவா? பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2005 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். அதிலே ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். "எந்தப் பெயர்?" என்று மொத்தமாகக் கேட்காமல், ஊரின் சரித்திரத்தைக் கூறு போட்டு, ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனியாகக் கேட்டார்கள். 1308 முதல் 1945 வரையில் நடந்ததை எழுதும்போது டான்ஸிக், அதற்கு முன்னும் பின்னும் க்டான்ஸ்க் என்று முடிவாயிற்று. முதல் தடவை சொல்லும் இடத்தில் மற்றப் பெயரையும் பக்கத்தில் போட வேண்டும் என்று ஏற்பாடு. இரு தரப்பாருக்கும் பாதி மனத்தாங்கல். ஆனாலும் சண்டை அடங்கியது.

வாக்கு எண்ணினால் போதுமா?

"அப்படியானால் எல்லாவற்றுக்கும் வாக்கு எடுத்துவிடலாமே?" என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை! வாக்கெடுப்பு விவாதத்துக்கு ஈடாகாது என்பது விக்கிப்பீடியாவில் ஊறிப்போன கொள்கை. எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்பதை விட, என்ன ஆதாரம் காட்டினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பார்கள்.

காரணம் வெளிப்படை. நம் ஊர்த் தேர்தலில் வாக்காளர் பட்டியல் உண்டு, விரலில் மை உண்டு. இங்கேயோ ஒரே ஆசாமி பத்துப் பெயரில் பதிவு செய்துகொண்டு பத்து வாக்குப் போடலாம். காலுறையைக் கையில் மாட்டிப் பொம்மலாட்டம் காட்டுவதுபோல் என்று இந்தக் கள்ள வாக்காளர்களுக்கு அங்கே "காலுறைப் பொம்மை" என்றே பெயர்.

வாக்கு எடுத்தும் முடியாத வழக்குகளும் உண்டு. ஆங்கிலத்தில் தயிருக்குள்ள பெயரில் "எச்" எழுத்தைச் சேர்ப்பதா, விடுவதா என்ற சர்ச்சை சுமார் எட்டு வருஷம் நடந்து, 2011 டிசம்பரில்தான் "எச்" இல்லாமல் ஓய்ந்தது. அத்தனை நாளில் தயிர் எவ்வளவு புளித்திருக்கும்!

விளையாட்டல்ல

தயிரோடு போனால் சிரித்துவிட்டுப் போகலாம். ஜான் சீகெந்தாலர் என்ற முதிய பத்திரிகையாளருக்கு நேர்ந்தது சிரிக்கக்கூடியதல்ல. ஒரு காலத்தில் ராபர்ட் கென்னடிக்கு உதவியாளராயிருந்தவர். அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். 2005 மே மாதம் யாரோ ஒருவர் விக்கிப்பீடியாவில், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் இவருக்கே சம்பந்தம் இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று எழுதிவிட்டார். நான்கு மாதங்களுக்கு மேல் அந்தப் பொய் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. உயிருக்கு உயிரான நண்பரைக் கொன்றவர் என்று எழுதினால் மனிதர் மனம் என்ன பாடுபடும்? அவர் பத்திரிகையில் எழுதிக் கேட்ட பிறகு, பெயர் பதியாதவர்கள் ஆங்கிலத்தில் புதுக் கட்டுரை தொடங்கக்கூடாது என்று 2005 டிசம்பரில் தடை வந்தது.

ஆக, காவல்காரர்கள் தேவை. அவர்களுக்கு "நிர்வாகிகள்" என்று பெயர். பக்கத்தை நீக்கவும், பூட்டவும், குறும்பு செய்பவரைத் தடுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு, சம்பளம் கிடையாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் நிர்வாகியாக விரும்பினால், ஏழு நாள் அவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பது நெடுநாளைய வழக்கம். 75 சதவிகிதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தால் பொதுவாகத் தேறுவார். 65-க்குக் கீழே போனால் பொதுவாகத் தேறமாட்டார். நடுவில் நின்றால் வாதங்களை எடைபோட்டு முடிவு செய்கிறார்கள். நிர்வாகிகளே தவறு செய்தால் விசாரிக்க, 2004 முதல் ஒரு நடுவர் குழு இருக்கிறது. அதற்கு 2009 முதல் ரகசிய வாக்கெடுப்பு.

வேலியே பயிரை மேய்ந்தால்?

காவல்காரர்களே ஒரு கட்சியாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குரோவேஷிய மொழி விக்கிப்பீடியாவே உதாரணம். 2011 முதல் 2020 வரை ஒரு சிறு நிர்வாகிக் கூட்டம் அதைக் கைக்குள் வைத்திருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது உஸ்டாஷா ஆட்சியினர் யசனோவாட்ஸ் முகாமில் செர்பியர்களையும் யூதர்களையும் ரோமா மக்களையும் பதினாயிரக்கணக்கில் கொன்றார்கள். அந்த இடத்தை வெறும் தொழில் முகாம்போல் எழுதி வைத்தார்கள் இந்தப் புண்ணியவான்கள்! ஆட்சேபித்தவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 2013-ல் அந்த நாட்டுக் கல்வி மந்திரியே, "மாணவர்களே, இதைப் படிக்காதீர்கள்" என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று.

கவனியுங்கள்: அங்கேயும் விதிகள் இருந்தன, வாக்கெடுப்பும் இருந்தது. ஆனால் வாக்களிக்கும் கூட்டம் சிறியது. நேர்மையானவர்கள் வெறுத்துப்போய் வெளியேற, அது இன்னும் சிறிதாயிற்று. வாக்கெடுப்புகளிலே காலுறைப் பொம்மைகளும் ஆடியிருந்தன என்பது பிற்பாடு தெரியவந்தது. கடைசியில் 2020-ல் மற்ற மொழிக்காரர்களும் சேர்ந்து விவாதித்து, கூட்டத்தின் முக்கியப் புள்ளி ஒருவரை எல்லா மொழிகளிலிருந்தும் விலக்கினார்கள். 2021-ல் அறக்கட்டளை விசாரணை அறிக்கையை வெளியிட்டது. அதற்குள் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது! அந்த ஒன்பது வருஷத்தில் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பக்கங்களைப் படித்தார்களோ!

நமக்கும் இதில் பாடம் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் எஜமான் கிடையாது. எழுதுகிற சிலரும் கவனிக்கிற சிலரும்தான் அதற்குக் காவல். அடுத்த தடவை உங்கள் பிள்ளை அதில் ஏதேனும் படித்தால், பக்கத்தின் மேலே பாருங்கள். "உரையாடல்" என்றும் "வரலாறு" என்றும் இரண்டு கதவுகள் இருக்கும். ஒன்றில் யார் யார் எதற்காக வாதாடினார்கள் என்பது கிடைக்கும். மற்றதில் யார் எப்போது எந்த வரியை மாற்றினார்கள் என்பது கிடைக்கும். இரண்டையும் திறந்து காட்டுங்கள். தப்பு ஏதாவது கண்ணில் பட்டால், ஆதாரத்தோடு அங்கேயே இரண்டு வரி எழுதிவிட்டு வாருங்கள். சீகெந்தாலர் விஷயத்தில் முதல் வாரத்திலேயே ஒருவர் அப்படிச் செய்திருந்தால், அந்த முதியவர் அவ்வளவு துன்பப்பட்டிருக்க வேண்டாம் அல்லவா?