ஊன்றுகோலோடு ஒரு புலப்பெயர்வு



யுத்தத்தில் ஒரு காலை இழந்த சகோதரி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் முன்னரே வெளிநாடு போய்விட்டார். பல வருடக் காத்திருப்பின் பின் ஒருநாள் தொலைபேசி வருகிறது. "பிள்ளைகளோடு நீரும் வரலாம். ஆனால் நான் இருப்பது நகரத்தில் இல்லை, தூரத்துக் கிராமம். பனி கூட." அயலில் இருப்பவர்களும் சும்மா இருப்பதில்லை. "ஒரு காலோடு அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்? அவருக்கும் பாரம், பிள்ளைகளுக்கும் பாரம்" என்கிறார்கள்.

இந்தக் கேள்வி எங்கள் வடக்கு கிழக்கில் பல வீடுகளில் வேறு வேறு விதமாக எழுந்திருக்கிறது. சில வீடுகளில் வலுவிழந்தவர் கணவர். அவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டியவர் மனைவி. சில வீடுகளில் வளர்ந்த மகன் சக்கர நாற்காலியில். யார் வலுவிழந்தவராக இருந்தாலும் பராமரிப்பின் பாரம் கடைசியில் வந்து விழுவது பெண்ணின் தோளில்தான். ஆகவே போவதா விடுவதா என்று முடிவெடுக்க முன் சில விடயங்களை நாங்கள் அறிந்திருக்க வேண்டும்.

எல்லாக் கதவும் ஒரேமாதிரித் திறப்பதில்லை

வலுவிழந்த ஒருவரை உள்ளே விடுவதா என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது.

கனடாவில் 2002இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தில், ஒருவரின் வைத்தியச் செலவு நாட்டுக்கு அளவுக்கு மீறிய சுமையாகும் எனக் கண்டால் விசாவை மறுக்க இடமுண்டு. ஆனால் கணவன் அல்லது மனைவி, தங்கி வாழும் பிள்ளைகள், அகதியாக ஏற்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இந்த விதி பொருந்தாது. பிள்ளைகள் கூப்பிடும் தாய் தகப்பனுக்கு அது பொருந்தும். 2018இல் இந்தச் செலவு எல்லையை மூன்று மடங்காக உயர்த்தினார்கள். விசேட கல்வி, ஆள் உதவி போன்ற செலவுகளைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள்.

அவுஸ்திரேலியாவிலும் செலவு எல்லை உண்டு. 2024 ஜூலையில் அது 51,000 டொலரிலிருந்து 86,000 டொலராக உயர்த்தப்பட்டது. அங்குள்ள பெரிய சிக்கல், குடும்பத்தில் ஒருவர் வைத்தியப் பரிசோதனையில் தவறினால் பொதுவாக முழுக் குடும்பத்தின் விண்ணப்பமும் தவறிப்போகும். சில விசாக்களில் மட்டும் விலக்குக் கேட்கலாம். 2008இல் விக்டோரியா மாநிலத்தின் ஹோர்ஷம் என்ற நாட்டுப்புற ஊரில் நடந்த சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். வைத்தியர் இல்லாத குறையைத் தீர்க்க வந்த ஜேர்மனிய வைத்தியரின் குடும்பத்துக்கு, மகனுக்கு டவுண் சின்ட்ரோம் இருந்த காரணத்தால் நிரந்தர வதிவிடம் மறுக்கப்பட்டது. ஊர்ச் சனம் திரண்டு குரல் கொடுத்தது. கடைசியில் அமைச்சர் தலையிட்டு அனுமதி வழங்கினார்.

நோர்வேயில் உடல் வலுவிழப்பைக் காரணம் காட்டிக் குடும்ப விசாவை மறுக்கும் விதி இல்லை. ஆனால் கூப்பிடுபவருக்குப் போதிய வருமானம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக உண்டு. அங்கு வலுவிழப்புக் கொடுப்பனவு பெறுபவராக இருந்தால் அந்தக் கொடுப்பனவும் வருமானமாகக் கணக்கிடப்படும்.

முகவர்கள் சிலர் "பரிசோதனையில் காலைப் பற்றிச் சொல்ல வேண்டாம்" என்று புத்தி சொல்வார்கள். அதைக் கேட்கவே கூடாது. மறைத்தது பின்னர் தெரியவந்தால் விசாவே பறிபோகலாம். உண்மையைச் சொல்லிப் பெற்ற விசாதான் நிலைக்கும்.

வடக்கு நோர்வேயின் மீன்பிடிக் கிராமங்கள்

நாட்டுப்புறம் என்று சொல்லும்போது நோர்வேயின் வடமுனையை எடுத்துப் பார்ப்போம். அது எங்களுக்கு முற்றிலும் அந்நியமான இடமல்ல. 1980களிலிருந்து எங்கள் இளைஞர்கள் ஃபின்மார்க் பகுதியின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். பொட்ஸ்ஃபியோர்ட் போன்ற ஊர்களில் மொத்தச் சனத்தொகையே ஏறத்தாழ இரண்டாயிரம்தான். பின்னர் பலர் பிள்ளைகளின் படிப்பு, கோயில், சொந்தபந்தம் என்று ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அகதிகளைக் குடியமர்த்தும்போது நோர்வே அரசு அவர்களைத் தலைநகரில் குவிப்பதில்லை. நாடு முழுவதும் உள்ள உள்ளூராட்சி சபைகளுக்குப் பிரித்து அனுப்புகிறது. இந்தச் சபையை அங்குள்ள எம்மவர் 'கொம்யூன்' என்பார்கள். வலுவிழந்த அகதி ஒருவரை ஏற்கும் கொம்யூனுக்கு அரசு மேலதிக நிதி கொடுக்கிறது.

அந்த இடத்தின் காலநிலையை நினைத்துப் பார்க்கவேண்டும். வடமுனையில் நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதிவரை ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. கோடையில் இரண்டு மாதத்துக்கு மேல் மறைவதே இல்லை. இருட்டுக் காலத்தில் எவருக்கும் மனம் சோர்ந்துபோகும். இழப்புகளைச் சுமந்து போகும் எங்களுக்கு அது இன்னும் கூடலாம். அந்தக் காலத்தில் நித்திரை குழம்பினால், அழுகை அடங்காவிட்டால், வெட்கப்படாமல் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். அங்கு ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப வைத்தியர் என்ற முறை 2001 முதல் உண்டு. வெயில் இல்லாத மாதங்களில் விற்றமின் டி குறையும் என்பதால் நோர்வே மக்கள் மீனெண்ணெய் குடிப்பது வழக்கம். எங்கள் தோலின் நிறத்துக்கு அந்தக் குறைபாடு இன்னும் இலகுவில் வரும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. டிசம்பர் 31ஆம் திகதி இரவு அங்கே ஊரெங்கும் வாணவெடி வெடிப்பார்கள். ஷெல்லடிக்குள் இருந்து வந்த பிள்ளைக்கும் பெரியவருக்கும் அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். திரைச்சீலையை மூடி, பிள்ளைகளோடு ஒன்றாக இருந்து, "இது கொண்டாட்டம்" என்று முதலே சொல்லிவையுங்கள்.

காலும் பனியும்

யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் செய்து தரும் கால் எங்கள் மண்ணுக்கு ஏற்றது. செருப்பில்லாமலும் நடக்கலாம், வயலிலும் இறங்கலாம். பனிநாட்டில் தடித்த சப்பாத்து வேண்டும். சப்பாத்தின் குதி உயர்ந்தால் செயற்கைக் காலின் சமநிலையும் மாறும். முழங்காலும் இடுப்பும் நோகும். அங்கு வீட்டுக்குள் நுழையும்போது எங்களைப் போலவே சப்பாத்தைக் கழற்றிவிடுவார்கள். ஆகவே வீட்டுக்குள் எப்படி நடக்கிறீர்கள், வெளியில் எதைப் போட்டு நடக்கிறீர்கள் என்ற இரண்டையும் கால் செய்பவரிடம் சொல்லுங்கள். எஞ்சிய காலின் பருமன் கூடிக் குறைந்தால் செயற்கைக் கால் தளரும் அல்லது இறுகும். அதனால் மேலதிகக் காலுறைகளைக் கைப்பையிலேயே கொண்டுபோங்கள். வழுக்கும் பனிக்கட்டியில் நடக்க ஊன்றுகோலின் நுனியில் மாட்டும் முள், சப்பாத்தின் அடியில் மாட்டும் முள் எல்லாம் அங்கே கிடைக்கும்.

நோர்வேயில் மாகாணம்தோறும் உதவிச் சாதனங்களுக்கான அரச நிலையம் உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் தேவைப்படும் என்றால் சக்கர நாற்காலி, குளியலறைக் கதிரை, கட்டில் முதலியவற்றை இலவசமாக இரவல் தருவார்கள். வேறு ஊருக்கு மாறினாலும் அவற்றைக் கொண்டுபோகலாம்.

உடம்பில் இரும்பு இருந்தால்

இது மிக முக்கியமான விடயம். எங்களில் பலருடைய உடம்பில் இன்றும் ஷெல் துண்டுகள் இருக்கின்றன. வெளிநாட்டு வைத்தியசாலைகளில் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அடிக்கடி அனுப்புவார்கள். அந்தக் கருவி சக்திவாய்ந்த காந்தத்தால் இயங்குவது. உடம்புக்குள் உள்ள இரும்புத் துண்டு அசையலாம், சூடேறலாம். கண், மூளை, முள்ளந்தண்டு ஆகியவற்றுக்கு அருகில் இருந்தால் பேராபத்து. கேட்பார்கள் என்று காத்திராமல் நீங்களாகவே "என் உடம்பில் உலோகத் துண்டு இருக்கிறது" என்று சொல்லுங்கள். பழைய எக்ஸ்றே படங்கள் இருந்தால் எறியாமல் கொண்டுபோங்கள்.

பணம்: எது கிடைக்கும், எது கிடைக்காது

"அங்கே போனால் அரசு மாதாமாதம் ஊனப் பணம் தரும்" என்று பலர் நம்புகிறார்கள். இதில்தான் ஏமாற்றம் அதிகம். நோர்வேயில் வலுவிழப்புக் கொடுப்பனவு பெறுவதற்கு, வலுவிழப்பு ஏற்பட முன் பொதுவாக ஐந்து வருடம் அந்நாட்டுச் சமூகக் காப்புறுதியில் இருந்திருக்க வேண்டும். அகதிகளுக்கு இருந்த விசேட சலுகை 2021இல் நீக்கப்பட்டது. சுவிற்சர்லாந்திலும் வலுவிழக்க முன் மூன்று வருடமாவது காப்புறுதிப் பணம் கட்டியிருக்க வேண்டும். ஆக, முள்ளிவாய்க்காலில் இழந்த காலுக்கு இந்த நாடுகளில் ஓய்வூதியம் கிடைக்கும் என்று எண்ணிக் கடன்பட வேண்டாம். வைத்தியம், உதவிச் சாதனம், வறுமைக்கான சமூக உதவி ஆகியவை வேறு வழியில் கிடைக்கும். அவை ஓய்வூதியத்துக்கு ஈடாகாது.

மனைவி தாதி மட்டுமா?

நோர்வேயில் அகதிகளுக்கும் அவர்களோடு இணையும் குடும்பத்தினருக்கும் மொழியும் தொழிலும் கற்பிக்கும் அறிமுகத் திட்டம் 2004 முதல் உண்டு. அதில் படிப்பவருக்குக் கொடுப்பனவு உண்டு. அது குடும்பத் தலைவர் என்று ஒருவருக்குப் போவதில்லை. படிக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போகும். மனைவி படித்தால் அது மனைவியின் பணம்.

வலுவிழந்த கணவரைப் பார்ப்பதற்காகப் பெண் வீட்டிலேயே நின்றுவிட்டால் இந்த வாய்ப்புத் தவறிவிடும். மொழி வராது, வேலை வராது. ஐந்து வருடத்தின் பின் கடைக்குப் போவதற்கும் பிள்ளையின் கையைப் பிடித்துப் போகவேண்டி வரும். கணவர் மேல் அன்பில்லாமல் எவரும் இதைச் சொல்லவில்லை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மருந்து கொடுப்பது ஆகியவற்றுக்குக் கொம்யூனிலிருந்து வீட்டுக்கு ஆள் அனுப்பும் சேவை உண்டு. அதிக உதவி தேவைப்படுபவர் தனக்கான உதவியாளரைத் தானே நெறிப்படுத்தும் முறை 2015 முதல் உரிமையாகவே இருக்கிறது. குடும்பத்தவரே மிகப் பாரமான பராமரிப்பைச் செய்தால் அவருக்குக் கொடுப்பனவு கேட்டும் விண்ணப்பிக்கலாம். இவை கேட்டால்தான் வரும். அந்நிய ஆள் வந்து தொடுவதா என்று முதலில் கூச்சமாக இருக்கும். அதையும் குடும்பமாக இருந்து பேசித் தீர்க்கவேண்டும்.

வைத்தியரிடம் போகும்போது பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் நோயையும் தகப்பனின் வேதனையையும் பத்து வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்லவேண்டி வருவது கொடுமை. நோர்வேயில் சிறுவரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவது சட்டப்படி விலக்கப்பட்டிருக்கிறது. "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். ஊரில் தமிழர் இல்லாவிட்டாலும் தொலைபேசியில் ஏற்பாடு செய்யலாம்.

இன்னொரு பயமும் பெண்களுக்கு உண்டு. தூரக் கிராமத்தில் கணவரே அடித்தால் எங்கே போவது? அங்கே 2010 முதல் ஒவ்வொரு கொம்யூனும் அடைக்கல இல்ல வசதியை ஏற்படுத்திக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். கணவரின் பெயரால் கிடைத்த விசாவாக இருந்தாலும், வன்முறையால் பிரிந்தால் தன் பெயரில் வதிவிட அனுமதி கேட்கப் பெண்ணுக்கு வழியுண்டு.

கிராமமா, நகரமா?

சிறிய ஊரில் நன்மையும் உண்டு. அலுவலகத்தில் உங்கள் பெயர் தெரியும். பாடசாலை, வைத்தியர், கடை எல்லாம் கிட்டவே இருக்கும். அயலவர் வந்து வாசல் பனியைத் தள்ளிவிட்டும் போகலாம். குறை என்னவென்றால், விசேட வைத்தியர் தூரத்தில். ஃபின்மார்க்கில் ஹம்மர்ஃபெஸ்டிலும் சிர்க்கெனெசிலும் வைத்தியசாலை உண்டு. பெரிய சத்திரசிகிச்சை என்றால் துரொம்சோவுக்கு விமானத்தில் போகவேண்டி வரலாம். பயணச் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்கும். தமிழ்க் குரல் கேட்காத தனிமையை எந்த அரசும் ஏற்காது. நகரத்துக்கு மாற விரும்பினால் அவசரப்படாதீர்கள். வீட்டுக்கு வரும் உதவிகளை ஒவ்வொரு கொம்யூனும் தனித்தனியே தீர்மானிப்பதால் புது இடத்தில் மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்கவேண்டும். அனுமதியின்றி மாறினால் அறிமுகத் திட்டத்தையும் இழக்க நேரலாம்.

புறப்படுமுன்

* கிளினிக் கொப்பி, சத்திரசிகிச்சை அறிக்கை, எக்ஸ்றே ஆகியவற்றைச் சேர்த்து, முக்கியமானவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மூலம் ஆங்கிலத்தில் மாற்றி வைத்திருங்கள்.
* பாவிக்கும் மருந்துகளின் பெயரை வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள்.
* விமானத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முன்பே சக்கர நாற்காலி உதவி தேவை என்று அறிவியுங்கள். ஐரோப்பிய விமான நிலையங்களில் இந்த உதவி இலவசம்.
* காணி உறுதி, பிறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிகளை நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுச் செல்லுங்கள். காணியை விற்றுவிட்டுப் போக வேண்டாம். திரும்பி வர ஓர் இடம் இருக்கட்டும்.
* வாசிக்காமல், விளங்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

வலுவிழந்தவர் தாம் வாழும் இடத்தைத் தாமே தெரிவு செய்யலாம் என்பதை ஐக்கிய நாடுகளின் சமவாயம் ஏற்றிருக்கிறது. இலங்கையும் 2016இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே அந்தச் சகோதரி போவதும் நிற்பதும் அவருடைய முடிவு. அயலவரின் வாயும் முகவரின் அவசரமும் கணவரின் தொலைபேசியும் அந்த முடிவை எடுத்துவிடக் கூடாது. பங்கர் வெட்டி, பிள்ளைகளைக் காத்து, ஒற்றைக் காலில் நின்று அடுப்பு மூட்டிச் சமைத்தவர் அவர். பனியில் நடப்பதையும் பழகிக்கொள்வார். விடயம் தெரிந்து நடக்கட்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.