கல் மூடும் முன் மணலைப் பாருங்கள்

சென்னையின் தெற்குப் புறநகரில் சேலையூர், சிட்லபாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் பகுதிகளின் பல உட்தெருக்களில் இப்போது பேவர் பிளாக் தரைதான். புதிதாகப் பதித்த தெருவிலும் ஒரு மழைக்காலம் போனதும் அங்கங்கே குழி விழுகிறது. பாதாளச் சாக்கடை மூடியைச் சுற்றிக் கற்கள் அமிழ்கின்றன. உடனே எல்லோரும் கல்லைக் குறை சொல்கிறோம். ஆனால் அமிழ்ந்த கல்லைப் பெயர்த்தெடுத்தால் பெரும்பாலும் அது உடையாமல் முழுசாகவே வரும். கோளாறு கல்லுக்கு அடியில் இருக்கிறது. கல் பதித்துவிட்டால் அந்த இடம் யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் தெருக்காரர்களின் கண்காணிப்பு வேலை முடிந்தபின் தொடங்கிப் பயனில்லை. மணல் விரிக்கும் நாளிலேயே தொடங்க வேண்டும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்பி 63 வழிகாட்டி, கல்லுக்கு அடியில் மணல் படுகை 20 முதல் 40 மி.மீ. கனம் இருக்கச் சொல்கிறது. அந்தக் கனம் தெரு முழுக்க ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம். ஒரே கனமுள்ள இரண்டு குழாய்களைக் கிடத்தி, நடுவில் மணலைக் கொட்டி, அவற்றின் மேல் மட்டப்பலகையை இழுத்தால் படுகை சீராக வரும். பிறகு குழாயை எடுத்து அந்தத் தடத்தை நிரப்ப வேண்டும். சீவிய மணலை யாரும் மிதிக்கக் கூடாது. கல் பதித்தபின் அதிர்வு இயந்திரம் ஓட்டி, இடுக்குகளில் நுண்மணல் நிரப்பி, மறுபடியும் ஓட்ட வேண்டும். அவசர வேலையில் நடப்பது வேறு. ஜல்லித் தளத்தைச் சரியாக உருட்டாமல், பள்ளமான இடத்தில் கூடுதலாக மணலைக் கொட்டி மேல்மட்டத்தை மட்டும் நூல் பிடிக்கிறார்கள். அன்று தெரு அழகாக இருக்கும். மணல் தடித்த இடம் மற்ற இடத்தைவிட அதிகமாக அமுங்குவதால், அடியில் மறைத்த பள்ளம் சில மாதங்களில் மேலே வந்துவிடும். எம்-சாண்டுக்குப் பதில் கிரஷர் டஸ்ட் போட்டிருந்தால் அதன் நுண்தூள் நீரைப் பிடித்துச் சேறாகும். ஓரக்கல் இல்லாவிட்டால் மணல் பக்கவாட்டில் கரைந்து ஓடும். வாட்டம் பிசகினால் மழைநீர் வடிகாலை விட்டுவிட்டு வீட்டு வாசலைத் தேடி வரும்.

இப்படி அமிழ்ந்த தரையில் முதலில் விழுபவர்கள் முதியவர்களும் இருசக்கர வாகன ஓட்டிகளும். நடைபாதையாக இருந்தால் சக்கர நாற்காலியில் செல்பவருக்கு வழியே அடைபடும். தடையற்ற, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருக்கிறது.

உரிமையைக் கேட்க வழியும் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 என்றாலே காகிதம் கேட்பது என்று நினைக்கிறோம். அதன் 2(ஜே) பிரிவு, நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. 10 ரூபாய் கட்டணத்துடன் தெருவைப் பராமரிக்கும் உள்ளாட்சி அமைப்பின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். மதிப்பீட்டு நகல், எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகப் பக்கங்கள், ஒப்பந்தத்தில் உள்ள குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். அந்தக் காலத்துக்குள் தெரு அமிழ்ந்தால் ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம். பள்ளத்தைப் பற்றிய புகாருக்கு முதல்வரின் முகவரி உதவி எண் 1100 இருக்கிறது.

பதில் வர 30 நாள், தெருவேலை முடிய ஒரு வாரம்; இது எப்படி உதவும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் பணி ஒதுக்கப்பட்டது தெரிந்ததுமே விண்ணப்பிக்க வேண்டும். 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்ட கூட்டத்தைப் போன்ற பகுதி சபைகளில் வார்டு கவுன்சிலரிடம் முன்கூட்டியே பணி விவரத்தைக் கேட்டுப் பெறலாம். தண்ணீர் லாரிகள்தான் தெருவைக் கெடுக்கின்றன என்பது இன்னொரு ஆட்சேபம். லாரி எடையால் வரும் பள்ளம் சக்கரம் போகும் தடம் நெடுகத் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கல் அமிழ்ந்தால் அடித்தளத்தையும் மணலையும்தான் சந்தேகிக்க வேண்டும். லாரி வரும் தெரு என்று தெரிந்தே போடும்போது, அதற்கேற்ற தளமும் கனமான கல்லும் மதிப்பீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். மணலில் சிமென்ட் கலந்தால் போதாதா என்பாரும் உண்டு. அந்தப் படுகை இறுகி, பாரத்தில் விரிசல் விடும். நீர் இறங்கவும் வழியிராது. பொறியியல் தெரியாத மக்கள் எதைச் சோதிப்பது என்பது கடைசி ஆட்சேபம். ஒரு அளவுநாடாவும் நீளமான மட்டப்பலகையும் போதும். ஜல்லித் தளத்தின் மேல் பலகையை வைத்தால் அடியில் தெரியும் இடைவெளி 3 மீட்டருக்கு 10 மி.மீ.க்குள் அடங்க வேண்டும் என்பது பன்னாட்டு நடைமுறை. தளம் மேடுபள்ளமாக இருந்தால் கூலிக்கு வந்த தொழிலாளியிடம் சண்டை போடாதீர்கள். தேதியுடன் படமெடுத்து உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

அடுக்குமாடி வளாகத்துக்குள் காசு கொடுத்துப் பதித்த தரை என்றால் வழி வேறு. அங்கே குடியிருப்போர் நுகர்வோர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. உதவி எண் 1915. மணலின் கனமும் வகையும் ஒப்பந்தத்தாளில் எழுதப்பட்டிருந்தால் அந்தப் புகார் வலுப்பெறும். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த இரண்டு வரிகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.